இடப்பக்க வானம்

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் போய்ச் சேருவதும் இல்லை. "அவ உன் நம்பரை பிளாக் பண்ணிட்டா"ன்னு உன் அண்ணன் பெரிதாகத் துப்பறிந்த மாதிரி வந்து சொன்னார். அதனால்தான் கடிதம். தபால்காரரை பிளாக் பண்ண இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

துறைமுகக் குடியிருப்பு எப்படி இருக்கிறது? அறையில் வெயில் வருமா? கிளம்புகிற அவசரத்தில் உன் கம்பளியைக் கொடியிலேயே விட்டுவிட்டாய். இதோடு தனியாக ஒரு பொட்டலம் வரும்.

இனி நம் கொக்கு விமானத்தைப் பற்றி. பொறுக்கிய துண்டுகளை இரண்டு பைகளில் கட்டி மாடி அறையில் போட்டிருந்தேன். போன வாரம்தான் மனசு வந்தது. மேசையில் பரப்பிப் பார்த்தேன். வால் முழுசாக இருக்கிறது. வலது இறக்கையின் விலா எலும்புகளில் பாதி தேறும். மூக்கும் மோட்டாரும் போயே போய்விட்டன. பகல் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குப் பல் செட் செய்கிறேன். சாயங்காலம் வந்து ஒரு பறவைக்கு எலும்பு ஒட்டுகிறேன். இரண்டுக்கும் ஒரே அரம்தான்.

நீ எதற்காகக் கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாதிரி விமானச் சங்கத்தின் வருடக் கூட்டத்தில், அத்தனை பேர் பார்க்க, உன் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினேன். நீ "அண்ணி, என்ன பண்றீங்க"ன்னு கேட்டாய். நான் பதில் சொல்லாமல் மோட்டாரை நிறுத்திக் கொக்கைப் புல்லில் இறக்கினேன். இறக்கினேன் என்பது நாகரிகத்துக்குச் சொல்வது. தரையில் குத்தி நொறுக்கினேன். இரண்டு வருடம் நான் கட்டியது, இரண்டு வருடம் நீ பறக்கவிட்டது. அதில் பாதி கட்டைவிரல் அளவுத் துண்டுகளாகிப் போனது.

ஆனால் அது பார்வையாளர்களின் கயிற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தேநீர் மேசையில் ஒரு கூட்டமே நின்றது. அதனால் பிடுங்கியதற்கு வருத்தம் இல்லை. நீ பேசாமல் இருப்பதற்குத்தான் வருத்தம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

பதில் எழுது. திட்டி எழுதினாலும் சரி.

அண்ணி


பிப்ரவரி 17

அண்ணிக்கு,

கம்பளி வந்தது. இங்கே கடல் காற்று எலும்பைத் துளைக்கிறது, உபயோகமாக இருக்கிறது. அறையில் வெயில் வராது. எதிரே கன்டெய்னர் அடுக்கு.

திட்டி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் பதினெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவள். முதலில் கட்டடங்களில், இப்போது இங்கே. என் கைக்குக் கீழே ஒரு லாரி அளவு பெட்டி தொங்கும், அதை ஒரு சாண் இடைவெளியில் இறக்குவேன். அப்படிப்பட்ட என் கையை, விமானம் விடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற நாற்பது பேர் முன்னால், குழந்தை கையிலிருந்து கத்தியைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினீர்கள்.

கொக்கு என் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. ஒரு நொடி கயிற்றுப் பக்கம் காற்று தள்ளியிருக்கலாம். ஆனால் நான் வலப்பக்கம் திருப்பினேன், அது திரும்பியது. வெயிலில் இறக்கை பளபளக்க, அழகாகச் சாய்ந்து, வயல் பக்கமாக வட்டம் போட்டது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கை வந்தது. அப்புறம் சத்தம்.

மறுநாள் சங்கத்தில் யாரோ "அவங்களுக்கு வயசாயிடுச்சு போல"ன்னு சொன்னார்களாம். எனக்கு நாற்பத்திரண்டு. கல்யாணமே பண்ணிக்கொள்ளாததால் மாமியார் இல்லாத குறை ஒன்று எனக்கு இருந்தது. அதையும் நீங்கள் தீர்த்துவைத்துவிட்டீர்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் எண்ணை பிளாக் பண்ணவில்லை. அவர்தான் பேச ஒன்றும் இல்லாமல் "சாப்பிட்டியா"ன்னு கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

சின்னவள்


மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். திட்டின இடங்களை அல்ல. கொக்கு வயல் பக்கமாக வட்டம் போட்டதாக எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தாள் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். வெயிலில் பளபளத்து, சாய்ந்து, வயல் பக்கம் வட்டம் போட்ட ஒரு விமானம் உண்மையாகவே இருந்தது. நானும் பார்த்தேன். அது கொக்கு இல்லை. நம் சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரருடையது. அவர் அன்றைக்குக் கொண்டுவந்திருந்தாரே, அந்த வெள்ளை விமானம். அவர் நமக்கு வலப்பக்கம் நாலு ஆள் தள்ளி நின்று அதை ஓட்டிக்கொண்டிருந்தார்.

கொக்கு அந்த நேரத்தில் நமக்கு இடப்பக்கம், நல்ல உயரத்தில் இருந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் கண் வலப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. "கொக்கு இந்தப் பக்கம் இருக்கு"ன்னு சொன்னேன். "பாத்துட்டுதானே இருக்கேன்"ன்னாய். சொல்லும்போதே ரிமோட்டின் குச்சியை அசைத்தாய். செயலாளரின் விமானம் சரியாக அதே நேரத்தில் திரும்பியது. நீ திருப்தியாகத் தலையாட்டினாய். அதைப் பார்த்ததும்தான் உன் கையிலிருந்து பிடுங்கினேன்.

சின்னவளே, அது உனக்குக் கீழ்ப்படியவில்லை. அவருக்குக் கீழ்ப்படிந்தது. உன் கைக்குக் கீழ்ப்படிந்தது கயிற்றைத் தாண்டி ஜனங்கள் மேல் வந்துகொண்டிருந்தது.

யாரும் ஒரு தடவை விமானம் மாறிப் பார்க்கலாம். இரண்டும் வெள்ளை, வெயில் வேறு. அது மட்டும் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். ஆனால் அந்த மாதம் நீ எங்கள் வீட்டில் இருந்தபோது, சமையலறையில் திறந்திருந்த மேல் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாய். அப்புறம் மாடிப்படி விளக்கில் இடித்தாய். மறுபடியும் அலமாரி. "உங்க வீடு குள்ளருக்குக் கட்டினதா"ன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாய். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் எல்லா அடியும் இடப்பக்கம்தான்.

ஒரு கண் டாக்டரைப் போய்ப் பார். விமானம் கிடக்கட்டும். நீ தினமும் ஆட்களின் தலைக்கு மேலே பெட்டி தூக்குகிறவள்.

உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பல் கூட விளக்காமல் காரை எடுத்துக்கொண்டு அங்கே வந்து நிற்பார்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

இங்கே சேரும்போது கண் பரிசோதனை செய்தார்கள். கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அச்சடித்தவன் பெயரைக் கூட வாசித்திருப்பேன். சான்றிதழ் இருக்கிறது.

செயலாளரின் விமானம், என் விமானம் எது என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் எழுதியது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? உங்களுக்குப் பல் கட்டுகிற வேலை. தவறிப்போனால் யாருக்கோ ஒரு பல் கோணலாக வரும், மறுபடி செய்வீர்கள். கிரேன் ஓட்டுகிறவளின் கண்ணைப் பற்றிச் சந்தேகம் என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், கீழே இறக்கிவிடுவார்கள். அப்புறம் ஏற்ற மாட்டார்கள். இங்கே பெண் ஓட்டுநர் நான் ஒருத்திதான். நான் எப்போது தடுக்கி விழுவேன் என்று வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிறது.

காலையில் அந்த ஏணியில் ஏறி, கேபின் கதவைச் சாத்தினால், நான் யாருக்கும் தங்கை இல்லை, நாத்தனார் இல்லை, கல்யாணம் ஆகாதவள் இல்லை. கீழே கடல், கப்பல், என் கை. எனக்கு இருப்பது அந்த ஒன்றுதான்.

இந்தப் பேச்சை இனி எடுக்காதீர்கள்.

சின்னவள்


மார்ச் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

எடுக்கிறேன். மன்னித்துக்கொள்.

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நான் நினைத்த மாதிரி அவர் காரை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, "அட்டையில எழுத்து படிக்கிறது நேரா பாக்கறதுக்கு. ஓரத்துல தெரியுதான்னு அது சொல்லாது"ன்னார். அவருடைய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வயதானவர்கள் கற்றுக்கொள்ள வந்தால் இவர் முதலில் ஒரு சோதனை செய்து பார்ப்பாராம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரியாது.

அதை என் மேல் செய்து காட்டினார். எதிரெதிரே உட்கார வேண்டும். நீ அவர் மூக்கை மட்டும் பார்க்க வேண்டும், கண்ணை அசைக்கக் கூடாது. அவர் ஒரு பேனாவை ஓரத்திலிருந்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவருவார். எப்போது தெரிகிறதோ அப்போது சொல்ல வேண்டும். மேலே, கீழே, இடது, வலது, நான்கு மூலையிலிருந்தும். ஐந்து நிமிட வேலை. டாக்டர் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். நீ நம்புகிற யாராவது ஒருவர் போதும்.

நான்கு மூலையும் உனக்குத் தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று, நல்ல விமானத்தை நான்தான் புத்தி கெட்டுப்போய் உடைத்தேன் என்று சொல்கிறேன்.

நீ செய்து பார்க்கவே மாட்டேன் என்றால், உன் துறைமுக அலுவலகத்துக்கு நான் எழுதுவேன். உன் அண்ணன் எழுத மாட்டார், அவருக்கு நீ தங்கை. நான் எழுதுவேன். எழுதிய பிறகு உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. ஒருவேளை நீ முகத்தையே காட்ட மாட்டாய். அப்படியும் எழுதுவேன்.

இதை மிரட்டல் என்று நீ சொல்லலாம். ஆமாம்.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கிரேனுக்குக் கீழே நின்று எனக்குக் கை காட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயாடி. ஆனால் வேலையில் ஒரு தவறு இருக்காது. பெட்டி எங்கே இருக்கிறது, ஆள் யாராவது வருகிறார்களா, எல்லாம் அவள் கைதான். நம்புகிற ஆள் என்றீர்களே, எனக்கு இங்கே இருப்பது அவள்தான். மதியம் உணவுக்கூடத்தில் கூட்டம் கலைந்த பிறகு அவளை உட்காரவைத்தேன். பேனா இல்லை, கரண்டி இருந்தது.

"என் மூக்குல அப்படி என்ன இருக்கு, இப்படிப் பாக்கறே"ன்னாள்.

"பேசாம கரண்டியக் கொண்டு வா"ன்னேன்.

வலப்பக்கம் மேலே, உடனே தெரிந்தது. வலப்பக்கம் கீழே, தெரிந்தது. இடப்பக்கம் கீழே, அதுவும் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை மைதானத்தில் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்க வைக்கிற காட்சியெல்லாம் மனசில் ஓடியது.

அப்புறம் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். "சரி, இடது மேல் பக்கம். ஆரம்பி"ன்னேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பியேன்."

"நான் ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு"ன்னாள். குரலே மாறிவிட்டது. "கரண்டி உன் புருவத்துக்கிட்ட இருக்கு."

மறுபடி செய்தோம். கையை மாற்றி, இடத்தை மாற்றி, வெளிச்சம் பக்கம் திரும்பி உட்கார்ந்து. கரண்டி நடுவுக்கு வந்த பிறகுதான் சட்டென்று முளைத்தது. அண்ணி, அங்கே இருட்டாக இருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். இருட்டு இல்லை. ஒன்றும் இல்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியவில்லை. நம் முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வோம், அப்படி.

அன்று மதியம் நான் ஏணி ஏறவில்லை. தலை சுற்றுகிறது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பொய் என்றும் சொல்ல முடியாது.

டாக்டர் என் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கண்ணுக்குப் பின்னால், மூளையில், பார்க்கிற இடத்தில் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதாம். எப்போது என்று சொல்ல முடியாது என்றார். போன வருடம் ஒருநாள் தலைவலி என்று உங்கள் வீட்டில் படுத்தே கிடந்தேனே, அதுவாக இருக்கலாம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்தது பெரியதாக வந்திருக்கும் என்றார். போன மூலை திரும்ப வராது. மருந்து சாப்பிட்டால் மற்ற மூன்றும் இருக்கும்.

நான் அவரிடம் கேட்டேன், "கிரேன்ல நான் கீழதான் பாக்கறேன். கீழ எல்லாம் தெரியுதே"ன்னு. "தெரியுது. இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்"ன்னார்.

ஆக நீங்கள் சொன்னது வானத்துக்குச் சரி. பெட்டிகளை நான் சரியாகத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எழுத வேண்டாம். அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சின்னவள்


மே 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் அண்ணன் திரும்பி வந்துவிட்டார். உன் அறையில் ஒரு வாரம் தரையில் படுத்ததில் முதுகு பிடித்துக்கொண்டு, இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதெல்லாம் துறைமுகத்தின் பெருமையைச் சொல்கிறார். அந்தக் கை காட்டுகிற பெண் அவரைப் பார்த்ததும் "உங்க தங்கச்சிக்கு வாய் மட்டும் ஒரு மூலையும் அடைக்கல"ன்னு சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நீ எழுதியதைத் தெரிந்துகொண்டேன். பெட்டிகளை நீ சரியாகத்தான் இறக்கினாய். நான் பார்க்காத இடத்தைப் பற்றி, பார்த்தவள் மாதிரி எழுதிவிட்டேன். நீ கீழே பார்க்கிறாய், மேலே அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் டாக்டரிடம் போ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் நடப்பதைச் சொல்கிறேன். கொக்கின் இடது இறக்கை முடிந்தது. மேலே ஒட்டுகிற தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கும்போது உன் அண்ணனின் வெள்ளைச் சட்டையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "நானும் பறக்கணுமா"ன்னார். இந்தத் தடவை முழு வெள்ளை வேண்டாம் என்று வயிற்றுப் பக்கத்துக்குச் செம்மஞ்சள் போட்டிருக்கிறேன். கொக்கு என்ற பெயருக்குப் பொருந்தவில்லைதான். சங்கத்தில் அதுமாதிரி வேறு இல்லை.

மாத்திரையை மறக்காதே.

அண்ணி


ஜூன் 28

அண்ணிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உப்பு இல்லாமல் சாப்பிடுகிறேன். இதெல்லாம் ஒரு சாப்பாடா என்று அந்த வாயாடி கேட்கிறாள், அவள் தட்டிலிருந்து ஒரு வாய் கூடக் கொடுக்காமல்.

வேலையை விட்டுத் துரத்தவில்லை. தரையில் போட்டிருக்கிறார்கள். வாக்கி-டாக்கியை வைத்துக்கொண்டு, மேலே இருக்கிறவருக்கு எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று சொல்கிற வேலை. என் கேபினில் இப்போது வேறொருவர். நல்ல ஓட்டுநர்தான். ஆனால் பெட்டியை இறக்கும்போது கடைசியில் ஒரு தட்டுத் தட்டி வைப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது.

முதல் மாதம் ஏணிப் பக்கம் போகவே இல்லை, சுற்றிக்கொண்டு நடந்தேன். இப்போது பரவாயில்லை. நேராகவே நடக்கிறேன்.

கொக்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். செம்மஞ்சள் வயிறு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் வருடக் கூட்டத்துக்கு வர மாட்டேன். வந்து பார்வையாளர் கயிற்றுக்குப் பின்னால் நிற்க என்னால் முடியாது. கோபத்தில் எழுதவில்லை. கோபம் போய்விட்டது, அது போனபிறகு என்ன வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள். போனில் நான் குறுக்கே பேசிவிடுவேன்.

சின்னவள்


செப்டம்பர் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

கொக்கைக் கொடுக்க ஆள் தேடினேன். முதலில் வந்த ஆள் உன் அண்ணன். "நான் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறவன், இது என்ன பிரமாதம்"ன்னார். பழைய பயிற்சி விமானத்தைக் கையில் கொடுத்தேன். அது கிளம்பி, நேராகப் போய், லாரி நிறுத்தத்தில் ஒரு தார்ப்பாய் மேல் உட்கார்ந்தது. லாரி கிளம்பிவிட்டது. இவர் அடுத்த சிக்னல் வரை துரத்திக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு ரிமோட் பக்கமே வரவில்லை.

நான்தான் காலை நேரத்தில் பழகிக்கொண்டிருக்கிறேன். மேலே ஏற்றுவேன், சுற்றுவேன், எப்படியோ இறக்குவேன். பல் செட் செய்கிற கை, எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கித் திருப்புகிறது. விமானம் பயந்த மாதிரி பறக்கிறது. உன் கையில் பறக்கும்போது அது சந்தோஷமாக இருக்கும். அதை நான் கட்டினேன், எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கப் போகிறேன். பிடிக்காவிட்டால் பதில் போடாதே, புரிந்துகொள்வேன்.

இரண்டு ரிமோட்டை ஒன்றோடு ஒன்று இணைக்கலாம். ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம். நீதான் ஓட்டுவாய். ஆபத்து என்று தோன்றினால் நான் ஒரு சுவிட்சை அழுத்துவேன், விரலை எடுக்கும்வரை என் கைக்கு வந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம். நீயே எத்தனையோ பேருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறாய். அதனால்தான் கேட்கக் கூசுகிறது.

உன் அண்ணன் சொல்கிறார்: "என் வண்டியில ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கு. அதுக்காக ஓட்டறவங்க ஓட்டலைன்னு ஆயிடுமா?"

அண்ணி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரு வாரம் கோபமாக இருந்தேன். அப்புறம் அந்த வாயாடியிடம் சொன்னேன். அவள், "இங்க வந்ததிலேர்ந்து நான் கை காட்டித்தானே நீ இறக்கினே. அப்ப நீ ஓட்டலையா, நான் ஓட்டினேனா"ன்னு கேட்டாள்.

வருகிறேன். ஆனால் நான் சொல்கிறபடி நடக்க வேண்டும்.

விமானம் விடுகிறவர்களின் வரிசையில், இடது கடைசி இடத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிவையுங்கள். அங்கிருந்து கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி நின்றால், பறக்கிற வானம் முழுவதும் எனக்கு வலப்பக்கம் வந்துவிடும். இங்கே விடுமுறை நாளில் காலி முற்றத்தில் நின்று கடற்காகங்களை வைத்துப் பார்த்தேன். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நீங்கள் எனக்கு இடப்பக்கம் நில்லுங்கள்.

எடுக்க வேண்டியிருந்தால் எடுங்கள். ஆனால் சும்மா பயந்து எடுக்கக் கூடாது. என் கண்ணைப் பற்றி யாருக்கும் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

சின்னவள்


நவம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ரயில் ஏறும்வரை கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்து, அண்ணன் ஜன்னல் வழியாக அது இது என்று பையைத் திணித்துக்கொண்டே இருந்ததில் கேட்காமல் வந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

மூன்றாவது சுற்றில் என் குச்சி செத்துப்போனது. நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று தெரிந்தே கேட்கிறேன். கொக்கு வயலுக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தது. நான் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. திடீரென்று அது நான் சொல்லாமலே மூக்கைக் கவிழ்த்துக் கீழே இறங்கியது. இடப்பக்கம் தள்ளிப்பார்த்தேன், கேட்கவில்லை. வலப்பக்கம், கேட்கவில்லை. அப்போதுதான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று புரிந்தது. போன வருடத்துக் கோபம் அப்படியே மறுபடி வந்தது. திரும்பிக் கத்தியிருப்பேன். திரும்பினால் கொக்கைத் தொலைத்துவிடுவேன் என்பதால்தான் திரும்பவில்லை. நானே ஓட்டுகிற மாதிரி, சும்மா குச்சியைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு முழு வட்டம் போட்டீர்கள். எத்தனை நேரம் என்று தெரியவில்லை, எனக்கு நீளமாக இருந்தது.

அப்புறம் என் விரலுக்குள் அது திரும்பி வந்தது. லேசாக ஒரு சாய்ப்புச் சாய்த்தேன், சாய்ந்தது. இறக்கினதும் நான்தான். எல்லாரும் கை தட்டினார்கள், செயலாளர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏன் எடுத்தீர்கள்? எடுத்ததற்குக் காரணம் இருந்தால், ஏன் அவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத பக்கத்தில் நடந்தது, தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்னவள்


நவம்பர் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ கேட்பாய் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் ரயில் ஏறிவிட்டாய், எனக்கு அன்று முழுக்கச் சரியாகவே இல்லை.

ஒரு மஞ்சள் விமானம். சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் உனக்கு வலப்பக்கம்தான் நின்றிருந்தார். ஆனால் அவர் விமானம் கைமீறி, நம் முதுகுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, உன் இடது மேல் பக்கத்திலிருந்து கொக்கை நோக்கி வந்தது. உனக்கு அது வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது. வாயால் சொல்ல நேரம் இல்லை. சுவிட்சை அழுத்திக் கொக்கைக் கீழே இழுத்தேன். மஞ்சள் அதன் முதுகுக்கு மேலே கடந்து, ஆள் இல்லாத வயலில் போய் விழுந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார். நீ அப்போது தேநீர் மேசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். கூப்பிட மனம் வரவில்லை.

அதற்கு ஒரு நொடி போதும். அந்த நொடியிலேயே உனக்குத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். வானம் காலியாக இருந்தது, ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் கொக்கு என் கையில் இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக அது என் கையில் பயப்படாமல் பறந்தது, சின்னவளே. இன்னும் கொஞ்சம், அந்த மூலை வரைக்கும், காற்று அடங்கட்டும், இப்படி ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டே ஒரு வட்டத்தை முடித்துவிட்டேன். உனக்காகப் பயந்தேனா, எனக்கு ஆசையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீ திரும்பாமல், அசையாமல், செத்த குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகும் கொடுக்கவில்லை.

உன் அண்ணன் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். மஞ்சள் வந்தது, நான் எடுத்தது, எல்லாம் பார்த்திருக்கிறார். என் காதுப்பக்கம் குனிந்து, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற அதே குரலில், "ஆபத்து போயிடுச்சு. கால எடு"ன்னார்.

என் காலடியில் பிரேக் எதுவும் இல்லை. சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன்.

அண்ணி